இரண்டாம் கிளியோபாட்ரா: பத்திரங்களின் முதல் வரியில் நடந்த போர்

கிளியோபாட்ரா என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நினைவு வருபவர் ஏழாம் கிளியோபாட்ரா. சீசர், ஆண்டனி, பாம்புக்கடி என்று அவர் கதை ஊரறிந்தது. இங்கே பார்க்கப்போவது அவருடைய எள்ளுப்பாட்டியை. அவரும் கிளியோபாட்ராதான், வரிசையில் இரண்டாமவர். கி.மு. 175 வாக்கில் சிறுமியாக ராணியானார். நடுவில் சில ஆண்டுகள் நாட்டை விட்டு ஓடியிருந்தார் என்பதைத் தவிர்த்தால், கி.மு. 116 வரை ராணியாகவே இருந்தார். உடன்பிறந்த இருவரை அடுத்தடுத்து மணந்தார். இரண்டாவது கணவர் அவருடைய மகளையும் மணந்துகொண்டார். அவர் பெற்ற மகன்களில் ஒருவர்கூட அவருக்குப் பின் அரியணையில் நிலைக்கவில்லை. அப்படியும் அவரை நிரந்தரமாக அகற்ற யாராலும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி.

பதில் தேட இரண்டு வகைச் சான்றுகள் இருக்கின்றன. ஒன்று, டியோடோரஸ், லிவி, ஜஸ்டின், யோசேபஸ் போன்றவர்கள் எழுதிய வரலாறு. இவர்கள் எல்லோரும் சம்பவம் நடந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளோ அதற்கும் மேலோ கழித்து எழுதியவர்கள். ரத்தம் சிந்தும் காட்சி என்றால் பேனா தானாகவே ஓடும் ஆட்கள். இன்னொன்று, எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) பத்திரங்கள். கடன் பத்திரமோ, நில விற்பனையோ, திருமண ஒப்பந்தமோ, எதை எழுதினாலும் முதல் வரியில் ஆட்சியாளரின் பெயரும் ஆட்சி ஆண்டும் வந்தாக வேண்டும். அதனால் எந்த மாதத்தில் எந்த ஊர் யாரை அரசராக ஏற்றது என்பதை ஒரு கிராமத்து எழுத்தர் தன்னையறியாமலே நமக்குச் சொல்லிவிடுகிறார்.

வரலாற்றாசிரியர்கள் காட்டுவது கொடுமைக்கு ஆளான ஒரு தாயை. பத்திரங்களின் முதல் வரியில் தெரிபவர் வேறு ஆள். என் கணிப்பில், அந்த வரியில் தன் பெயர் இருப்பதுதான் தன் பலம் என்பதை அவர் இளம் வயதிலேயே புரிந்துகொண்டார்.

மூன்று பேர், ஒரே அரியணை

தந்தை, எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து அரசர் ஐந்தாம் தாலமி, கி.மு. 180-இல் இறந்தார். தாய் முதலாம் கிளியோபாட்ரா, சிரியாவை ஆண்ட செலூக்கிய வம்சத்து மூன்றாம் அந்தியோக்கஸின் மகள். மகன் ஆறாம் தாலமிக்காக ஆட்சியைக் கையில் எடுத்த அவரும் கி.மு. 176-இல் போய்விட்டார். மிஞ்சியது மூன்று பிள்ளைகள். அரண்மனைப் பணியாளர்களாக இருந்து மேலே வந்த யூலாயஸ், லீனாயஸ் என்ற இருவர் கைக்கு அதிகாரம் போனது. அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். தாலமி வம்சத்தில் இது புதிதல்ல. இரண்டாம் தாலமி காலத்திலிருந்தே அரச ரத்தத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அவர்கள் கண்டுபிடித்த வழி அது. வெளி வீட்டிலிருந்து மருமகன் வந்தால் அவனோடு உரிமை கேட்கும் இன்னொரு குடும்பமும் வரும் அல்லவா?

கி.மு. 170-இல் சிரியாவோடு போர் மூண்டபோது இளைய தம்பியையும் சேர்த்துக்கொண்டு மூவரும் கூட்டாக ஆள்வதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டையே புதிதாக ‘ஆண்டு 1’ என்று எண்ணத் தொடங்கினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எட்டாம் தாலமியான அந்தத் தம்பி, சாகும்வரை தன் ஆட்சி ஆண்டுகளை இந்த 170-இலிருந்துதான் எண்ணினார். அவர் அரசரான அதே நாளில் கிளியோபாட்ராவும் அவருக்குச் சமமான ஆட்சியாளர். அக்காவின் உரிமையை அழித்தால் தன் கணக்கின் தொடக்கமே ஆட்டம் காணும்.

போர் படுதோல்வியில் முடிந்தது. சிரியாவின் அரசர் நான்காம் அந்தியோக்கஸ், எகிப்தின் எல்லைக் கோட்டையான பெலூசியத்தைப் பிடித்து உள்ளே வந்தார். ஆறாம் தாலமி அவரோடு உடன்பாட்டுக்குப் போனதும் தலைநகர் அலெக்சாந்திரியாவின் மக்கள் தம்பியை அரசராக்கினார்கள். அண்ணன் மெம்பிஸில், அந்தியோக்கஸின் பொம்மையாக. தம்பியும் கிளியோபாட்ராவும் அலெக்சாந்திரியாவில், முற்றுகைக்குள்ளும் பஞ்சத்திலும். அந்தியோக்கஸ் கி.மு. 169-இல் ஊர் திரும்பினார். சகோதரர்கள் அடித்துக்கொண்டு ஓய்ந்ததும் திரும்பி வந்து அள்ளிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அதைக் கெடுத்தவர் கிளியோபாட்ரா. அண்ணனும் தம்பியும் சமாதானமானதில் மிகப் பெரிய பங்கு சகோதரியுடையது, ஆலோசனையாலும் மன்றாட்டாலும் அவர்தான் அதைச் சாதித்தார் என்று லிவி எழுதுகிறார். அப்போது அவருக்கு இருபது வயது ஆகியிருக்காது.

மறு ஆண்டு அந்தியோக்கஸ் மறுபடி படையெடுத்து வந்ததும், ரோமத் தூதர் போப்பிலியஸ் லாயனஸ் மணலில் அவரைச் சுற்றி வட்டம் போட்டு, பதில் சொல்லிவிட்டு வெளியே வா என்றதும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உள்ள கதை. சகோதரர்கள் அதற்குள் ஒன்றுசேர்ந்திருக்காவிட்டால் ரோமுக்குக் காப்பாற்ற ஒரு அரசே இருந்திருக்காது என்பதை அந்தக் கதை சொல்வதில்லை.

ஒற்றுமை நீடிக்கவில்லை. கி.மு. 164-இல் தம்பி அண்ணனைத் துரத்தினார். அண்ணன் ரோமுக்குப் போய் ஒரு ஓவியர் வீட்டில் ஏழைபோல் தங்கி அனுதாபம் தேடினார். 163-இல் அலெக்சாந்திரியா மக்களே தம்பி மீது வெறுப்புற்று அண்ணனை அழைத்தார்கள். தம்பிக்கு இன்றைய லிபியாவில் உள்ள சைரீன் கொடுக்கப்பட்டது.

அதற்குப் பின்வந்த பதினெட்டு ஆண்டுகள்தான் கிளியோபாட்ராவின் நல்ல காலம். ஆணைகளும் மனுக்களும் ‘அரசர் தாலமி, ராணி கிளியோபாட்ரா’ என்று இருவர் பெயரிலும் ஓடின. மெம்பிஸில் செராப்பியம் என்ற கோயிலில், இறந்த அப்பிஸ் என்ற புனிதக் காளைக்கு ஒப்பாரி வைக்கும் வேலையில் இருந்த தாவேஸ், தவோஸ் என்ற இரட்டைச் சகோதரிகள், தங்களுக்குச் சேர வேண்டிய ரொட்டியும் எண்ணெயும் வரவில்லை என்று எழுதிய மனுக்கள் இன்றும் இருக்கின்றன. அவையும் அரசர், ராணி இருவருக்கும் எழுதப்பட்டவை. வயிற்றுப் பிரச்சினைக்கு எங்கே முறையிட வேண்டும் என்று கோயில் பணிப்பெண்களுக்குத் தெரிந்திருந்தது. யோசேபஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தாலமியும் கிளியோபாட்ராவும் தங்கள் நாடு முழுவதையும் யூதர்களிடம் ஒப்படைத்தார்கள், ஓனியாஸ், டொசிதேயஸ் என்ற யூதர்களே அவர்கள் படைத்தலைவர்கள் என்கிறார். யூதப் பெருமை பேச எழுதிய நூல், கொஞ்சம் மிகை இருக்கும். ஆனால் அந்தப் படை பிறகு யார் பக்கம் நின்றது என்பதைப் பார்த்தால் விஷயம் உண்மை என்றே தோன்றுகிறது.

கி.மு. 145: கல்யாணம் என்ற உடன்படிக்கை

கி.மு. 145-இல் சிரியாவில் அந்தியோக்கியா அருகே நடந்த போரில் ஆறாம் தாலமி வென்றார், ஆனால் குதிரையிலிருந்து விழுந்த காயத்தில் இறந்தார். கிளியோபாட்ரா ஒரு மகனுடன் அலெக்சாந்திரியாவில் இருந்தார். சைரீனிலிருந்து தம்பி கிளம்பினார். ஓனியாஸ் படையோடு ராணிக்காக நகருக்குள் வந்தார். சண்டை மூளும் நேரத்தில் முடிவு கல்யாணமாக வந்தது. தம்பி எட்டாம் தாலமியாக அரசர், கிளியோபாட்ரா அவருக்கு மனைவி.

கல்யாண நாளன்றே, தாயின் மடியிலேயே அந்த மகனைப் புது மாப்பிள்ளை கொன்றார் என்று ஜஸ்டின் எழுதுகிறார். இன்றைய ஆய்வாளர்கள் பலர் இதை அப்படியே ஏற்பதில்லை. சிறுவன் பின்னால் எப்போதோ காணாமல் போனான் என்பது மட்டும் உறுதி. ஜஸ்டின் சொல்வதுபோல் அன்றே நடந்திருந்தால் அடுத்த ஆண்டே அவர்களுக்குப் பிள்ளை பிறந்ததை விளக்குவது கடினம். புதிய மகன் பிறந்தபோது அரசர் மெம்பிஸில் எகிப்திய முறைப்படி முடிசூடிக்கொண்டிருந்ததால் குழந்தைக்கு மெம்பிட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். கிளியோபாட்ராவின் கணக்கும் இதில் தெரிகிறது. அடுத்த அரசன் என் வயிற்றுப் பிள்ளை என்றால் கணவன் யாராக இருந்தால் என்ன?

எட்டாம் தாலமியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன கிரேக்க எழுத்தாளர் அபூர்வம். அதற்குக் காரணமும் உண்டு. தன்னை எதிர்த்தவர்களைப் பழிவாங்கத் தொடங்கியபோது அலெக்சாந்திரியா நூலகத்து அறிஞர்களும் சிதறி ஓடினார்கள். ஹோமரைப் பதிப்பித்த அரிஸ்டார்க்கஸ் சைப்ரஸுக்குப் போனார், அங்கேயே இறந்தார். எழுதத் தெரிந்தவர்களை விரட்டியடித்தால் வரலாற்றில் என்ன பெயர் கிடைக்கும் என்பதற்கு இவர் நல்ல உதாரணம். ரோமிலிருந்து தளபதி சிப்பியோ எமிலியானஸ் வந்தபோது, பெருத்த உடம்போடு துறைமுகத்திலிருந்து மூச்சிரைக்க நடந்துவந்தார் அரசர். நாம் வந்ததில் அலெக்சாந்திரியாவுக்கு ஒரு லாபம், தங்கள் அரசர் நடப்பதைப் பார்த்துவிட்டார்கள் என்று சிப்பியோ நண்பர் காதில் சொன்னாராம்.

ஆனால் எகிப்தியக் கோயில்களின் சுவர்களில் தெரியும் எட்டாம் தாலமி முட்டாள் அல்ல. கி.மு. 142-இல் எட்ஃபு கோயிலைத் திறந்துவைத்தவர் அவர். பூசாரிகளுக்கு வாரிக் கொடுத்தார். அக்காவிடம் அலெக்சாந்திரியாவும் பழைய படையும் இருந்தன. தம்பி தனக்கென்று எகிப்தியப் பூசாரிகளின் ஆதரவைத் திரட்டினார்.

‘சகோதரி’யும் ‘மனைவி’யும்

கி.மு. 141, 140 வாக்கில் எட்டாம் தாலமி கிளியோபாட்ராவின் மகளை, தன் அண்ணன் மகளான மூன்றாம் கிளியோபாட்ராவை மணந்தார். தாயை விலக்கவில்லை. பத்திரங்களின் முதல் வரி நீண்டது: ‘அரசர் தாலமி, ராணி கிளியோபாட்ரா, சகோதரி, ராணி கிளியோபாட்ரா, மனைவி’. ஒரே பெயரில் இரண்டு ராணிகள் இருந்ததால் எழுத்தர்களுக்கு இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. கோம் ஓம்போ கோயிலில் அரசருக்குப் பின்னால் தாயும் மகளும் வரிசையாக நிற்கும் புடைப்புச் சிற்பம் இன்றும் இருக்கிறது. முகம் ஒன்று, கிரீடம் ஒன்று, பெயரும் ஒன்று. யார் யார் என்று எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

இதை ஆசை, காமம் என்று பேசுவது எளிது, பழைய ஆசிரியர்கள் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு இது அரசியல் நகர்வாகத்தான் தெரிகிறது. மூன்றாம் கிளியோபாட்ரா ஆறாம் தாலமியின் மகள். அவளை வெளியே யாருக்காவது கட்டிக்கொடுத்தால் அந்த மருமகன் நாளை உரிமை கேட்பான். ஏற்கெனவே மூத்த மகள் கிளியோபாட்ரா தேயா சிரியாவில் அடுத்தடுத்து அரசர்களை மணந்துகொண்டிருந்தார். இளையவளைத் தானே கட்டிக்கொண்டால் அந்த ஆபத்தும் போனது, அக்காவைச் சாராத வாரிசும் கிடைத்தது. மகன்கள் பிறந்ததும் மெம்பிட்டஸுக்குப் போட்டி தயார். கிளியோபாட்ராவின் ஒரே பிடிமானம் தளர்ந்தது அப்போதுதான்.

உள்நாட்டுப் போர்

கி.மு. 132, 131-இல் அலெக்சாந்திரியா வெடித்தது. கூட்டம் அரண்மனைக்குத் தீ வைத்தது, அரசரின் சிலைகளை உடைத்தது. எட்டாம் தாலமி இளைய ராணியோடும் பிள்ளைகளோடும் சைப்ரஸுக்குக் கப்பலேறினார். கிளியோபாட்ரா தனி ஆட்சியாளராகத் தன்னை அறிவித்தார். ‘தேயா ஃபிலோமெட்டோர் சோட்டெய்ரா’ (தாயை நேசிக்கும் தெய்வம், காப்பவள்) என்று பட்டம் சூட்டிக்கொண்டார். அதில் இறந்துபோன முதல் கணவரின் பட்டமும் வம்சத்தை நிறுவியவரின் பட்டமும் இருந்தன, இப்போதைய கணவரின் பட்டம் இல்லை. முக்கியமாக, ஆட்சி ஆண்டை மறுபடி 1-இலிருந்து எண்ணத் தொடங்கினார். 170-இல் தொடங்கிய பொதுக் கணக்கை முறித்துக்கொண்டார். ஒரு தாலமி ராணி, கணவனோ மகனோ பக்கத்தில் இல்லாமல் தன் பெயரை மட்டும் முதல் வரியில் போட்டது இதுதான் முதல் முறை.

ஆனால் அலெக்சாந்திரியா ராணியைவிட ஒரு அரசனை எதிர்பார்த்தது. வாரிசு மெம்பிட்டஸுக்குப் பதினான்கு வயதுக்குள்தான், அவன் தந்தையின் கையில் இருந்தான். சைப்ரஸில் அவனைக் கொன்று, தலையையும் கைகால்களையும் ஒரு பெட்டியில் வைத்து, தாயின் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார் என்று டியோடோரஸும் ஜஸ்டினும் எழுதுகிறார்கள். பெட்டிக் கதையில் எவ்வளவு அலங்காரம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தந்தை மகனைக் கொன்றதை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கிறார்கள். பலனும் தெளிவு. அலெக்சாந்திரியா அரசனாக்கக்கூடிய ஒரே ஆள் இல்லாமல் போனான்.

நைல் நெடுக ஊர்கள் பிளந்தன. தெற்கே தீப்ஸ் நகரில் இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி ஹர்சியேசி என்ற எகிப்தியர் சில மாதம் ஃபாரோவாகவே இருந்தார். இதைக் கிரேக்கர் ஒரு பக்கம், எகிப்தியர் மறுபக்கம் என்று கோடு போட்டுப் பிரிப்பவர்கள் உண்டு. பத்திரங்களைப் பார்த்தால் அப்படிச் சுத்தமாகப் பிரியவில்லை. அரசர் தெற்குப் பகுதியை அடக்க அனுப்பிய தளபதி பாவோஸ் ஒரு எகிப்தியர்.

அந்தப் பெயர் நமக்கு வருவது ஒரு போர்வீரன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில். கி.மு. 130 ஜனவரி 15-இல், எஸ்த்லாதஸ் என்பவர் பத்திரிஸ் ஊரில் இருந்த தன் தந்தை ட்ரைட்டனுக்கு எழுதுகிறார். நிலைமை சீராகும்வரை தைரியமாக இருங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அடிக்கடி எழுதுகிறேன், மறுபடியும் சொல்கிறேன் என்கிறார். ஹெர்மொந்திஸ் ஊர்க் கும்பலை அடக்கப் பாவோஸ் போதிய படையோடு வருகிறார், அவர்களைக் கலகக்காரர்களாகவே நடத்தப்போகிறார் என்று சேதி சொல்கிறார். தங்கைகளுக்கும் மற்றவர்களுக்கும் விசாரிப்பு. அவ்வளவுதான் கடிதம். அந்தக் கும்பல் ராணியின் ஆட்கள் என்று கருதப்படுகிறது. கடிதத்தின் தேதி ‘ஆண்டு 40’, அதாவது அரசரின் கணக்கு. பையன் எந்தப் பக்கம் என்பதை விளக்க அவருக்கு வேறு வரி தேவைப்படவில்லை.

கி.மு. 130-க்குள் எட்டாம் தாலமி எகிப்துக்குள் திரும்பிவிட்டார். ராணியிடம் மிஞ்சியது பெரும்பாலும் அலெக்சாந்திரியா. இங்கேதான் அவர் செய்த மிகப் பெரிய தவறு. மூத்த மகள் தேயாவின் கணவர் இரண்டாம் டெமெட்ரியஸிடம், சிரியாவின் அரசரிடம், எகிப்தின் அரியணையைத் தருவதாகச் சொல்லிப் படை கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே சிரியப் படையிடமிருந்து அலெக்சாந்திரியாவைக் காப்பாற்றியவர், இப்போது அதையே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். டெமெட்ரியஸ் பெலூசியம் வரை வந்தார், உள்ளே நுழைய முடியவில்லை. அவர் படையே கலகம் செய்தது. எட்டாம் தாலமியோ அலெக்சாந்தர் சபினாஸ் என்ற ஒருவரைப் போலி உரிமையாளராகச் சிரியாவில் இறக்கிவிட்டு, டெமெட்ரியஸுக்குச் சொந்த வீட்டிலேயே தீ வைத்தார். கி.மு. 127-இல் கிளியோபாட்ரா கருவூலத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு சிரியாவுக்குப் போனார்.

பின்னால் விட்டுப்போன நகரம் விலை கொடுத்தது. ஏறக்குறைய ஒரு ஆண்டு தாக்குப்பிடித்து, அலெக்சாந்திரியா வீழ்ந்தது. இளைஞர்கள் நிறைந்த உடற்பயிற்சிக் கூடத்தைச் சுற்றி வளைத்துத் தீயாலும் வாளாலும் அழித்தார்கள் என்று வலேரியஸ் மாக்சிமஸ் பதிவு செய்கிறார். ராணிக்காக எழுந்தவர்கள் அவர்கள். ராணியைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

சிரியாவில் டெமெட்ரியஸுக்கு நல்ல முடிவில்லை. தோற்று ஓடிவந்தவருக்கு மனைவி கிளியோபாட்ரா தேயா கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. தீர் நகரில் கொல்லப்பட்டார்.

சமரசம்

கி.மு. 124-இல் மூன்று பெயர்களும் பத்திரங்களின் முதல் வரியில் மறுபடி ஒன்றாகத் தோன்றுகின்றன. அரசர், சகோதரி, மனைவி. மகனைக் கொன்றவரோடும், தன் இடத்தைப் பறித்த மகளோடும் அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். இதை எந்தப் பழைய ஆசிரியரும் விளக்கவில்லை. என் ஊகம் இது: வென்றவர் எட்டாம் தாலமிதான், ஆனால் அலெக்சாந்திரியாவை வாள்முனையில் மட்டும் எத்தனை நாள் ஆள முடியும்? சிரியாவில் இருக்கும் ஒரு உரிமையுள்ள ராணி எப்போதும் ஆபத்து, அரண்மனைக்குள் இருக்கும் ராணி சமாளிக்கக்கூடியவர். கிளியோபாட்ராவுக்கோ வேறு படை இல்லை, பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரை அவர் நல்ல விலைக்கு விற்றார்.

கி.மு. 118 ஏப்ரல் 28 தேதியிட்ட பொதுமன்னிப்பு ஆணையில் அந்த விலை தெரிகிறது. இது கிடைத்த விதமே ஒரு கதை. 1900-ஆம் ஆண்டு ஃபாயூம் பகுதியில் தெப்துனிஸில் தோண்டியபோது, மனித மம்மிகளைத் தேடிய ஆட்களுக்கு முதலை மம்மிகளாகக் கிடைத்துக்கொண்டே இருந்தன. எரிச்சலில் ஒரு தொழிலாளி ஒன்றை உடைக்க, உள்ளே சுற்றியிருந்தது பழைய காகிதம், பாப்பிரஸ். அந்தக் குவியலில் இந்த ஆணையின் படியும் இருந்தது. கொலையும் கோயில் கொள்ளையும் தவிர மற்றக் குற்றங்களுக்கு மன்னிப்பு. ஓடிப்போனவர்கள் ஊர் திரும்பலாம். பழைய வரிப் பாக்கி தள்ளுபடி. இடிந்த, எரிந்த வீடுகளைத் திரும்பக் கட்டலாம். அதிகாரிகள் கள்ள அளவை வைத்துத் தானியம் வாங்கக் கூடாது, உழவர்களின் கருவிகளைப் பறிக்கக் கூடாது. அப்பிஸ், ம்னேவிஸ் என்ற புனிதக் காளைகளின் ஈமச் செலவை அரசே ஏற்கும். எகிப்திய மொழியில் எழுதிய ஒப்பந்த வழக்குகளை எகிப்திய நீதிபதிகள் விசாரிப்பார்கள். இப்படி நீண்டுபோகும் பட்டியலைப் படித்தால், பத்தாண்டுப் போர் கிராமத்தில் என்ன செய்திருந்தது என்பது அரண்மனைக் கதைகளைவிடத் தெளிவாகப் புரிகிறது. ஆணை மூவர் பெயரிலும் வெளிவந்தது.

அதே காலத்தில் அரச வம்சத்து தெய்வங்களின் வரிசையில் ‘இளைய ஃபிலோபேட்டர்’ என்ற புதுப் பெயர் சேர்ந்தது. கொல்லப்பட்ட மெம்பிட்டஸ்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் கொன்ற தந்தையே மகனைத் தெய்வமாக்கி, ஒவ்வொரு பத்திரத்திலும் அவன் பெயர் வரச் சம்மதித்திருக்கிறார். இதைக் கேட்டு வாங்கியவர் யாராக இருக்கும் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

ஃபிலே கோயில் பூசாரிகளும் இந்த மூவருக்குத்தான் மனு எழுதினார்கள். வழியில் போகிற அதிகாரிகளும் படைவீரர்களும் தங்கள் செலவில் சாப்பிட்டுக் கோயிலைக் காலி செய்கிறார்கள் என்பது புகார். பதில் கிடைத்த மகிழ்ச்சியில் நிறுத்திய தூண் இன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதில் சட்டகத்துக்குள் எழுதியிருந்த ‘கிளியோபாட்ரா’தான், பிரெஞ்சு அறிஞர் சாம்போலியனுக்கு எகிப்திய எழுத்தை வாசிக்க உதவிய பெயர்களில் ஒன்று.

எட்டாம் தாலமி கி.மு. 116 ஜூனில் இறந்தார். ஆட்சியை மூன்றாம் கிளியோபாட்ராவுக்கும், அவர் தேர்ந்தெடுக்கும் மகனுக்கும் விட்டுச்சென்றதாக ஜஸ்டின் சொல்கிறார். அப்படியும் அதே ஆண்டு அக்டோபரில் எழுதிய ஒரு எகிப்தியப் பத்திரத்தில் இரண்டு ராணி கிளியோபாட்ராக்களும் புது அரசரும் இருக்கிறார்கள். கணவரின் ஏற்பாட்டை மீறி, எழுபதை நெருங்கிய மூத்த ராணி முதல் வரியில் இடம் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு அவர் பெயர் வரவில்லை, விரைவிலேயே இறந்திருக்க வேண்டும்.

மகள் மூன்றாம் கிளியோபாட்ரா தாயை வெறுத்தாரோ இல்லையோ, தாயிடம் பாடம் கற்றிருந்தார். மூத்த மகன் ஒன்பதாம் தாலமியோடு ஆண்ட காலத்துப் பத்திரங்களில் ‘ராணி கிளியோபாட்ரா’ முதலில், ‘அரசர் தாலமி’ பிறகுதான். கி.மு. 107-இல் அந்த மகனைத் துரத்திவிட்டு இளையவரைக் கொண்டுவந்தார். கி.மு. 101-இல் அவர் இறந்தபோது, இளைய மகனே கொன்றுவிட்டார் என்று பேசப்பட்டது.